வெற்றுரைக் குறிப்பேட்டில் நெகிழ்காலம்: கணினிவழிப் பணித்திட்டத்தின் வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

தமிழக உழவர் வழக்கில் 'பட்டம்' என்றொரு சொல் உண்டு. விதைப்புக்கு உரிய காலத்தை அது குறிக்கும். ஆடிப்பட்டம், தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் என அது பலவாக வழங்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை அறியாத தமிழாசிரியர் இலர். இங்குப் பட்டம் என்பது ஒரு நாளைச் சுட்டுவதன்று. அதற்கு ஒரு முன்னெல்லையும் ஒரு பின்னெல்லையும் உண்டு. அவ்விரண்டுக்கும் இடையில் எந்த நாளில் விதைப்பது என்பதை மழையின் வரவும் நிலத்தின் ஈரமும் ஆள் கிடைப்பதும் முடிவு செய்யும். முந்தினால் விதை காயும். பிந்தினால் விளைச்சல் குன்றும். இடைப்பட்ட நாள்களிலோ உழவர் தம் விருப்பப்படி நடந்துகொள்ள இயலும்.

கல்விப் பணியில் ஈடுபட்டுள்ள நம்முடைய வேலைகளுள் பெரும்பாலானவையும் இத்தகையனவே. வினாத்தாள் அமைத்தல், விடைத்தாள் திருத்துதல், ஆய்வேடு படித்தல், பாடத்திட்டத்தைச் சீர்செய்தல் ஆகிய அனைத்தும் ஒரு காலப்பரப்புக்குள் எந்த நாளிலும் செய்யத்தக்கவை. ஆயினும் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் நாட்காட்டி மென்பொருள்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாளையும் ஒரு மணியையும் கேட்கின்றன.

இக்கட்டுரை எழுந்ததற்கு நம் சொந்தப் பிழையொன்று காரணமாயிற்று. ஆய்வு மாணவர் ஒருவரின் அத்தியாயத்தைப் படித்துக் கருத்துரைக்க நமக்கு ஆறு வாரக் காலம் தரப்பட்டிருந்தது. அவ்வேலையை நாம் கணினி நாட்காட்டியில் ஆறாம் வாரத்தின் இறுதி நாளில் பதிந்து வைத்தோம். அதன்பின் ஐந்து வாரங்களுக்கு மேலாக அது நம் கண்ணில் படவே இல்லை. இறுதி நாள் காலையில் நினைவூட்டு மணி ஒலித்தபோது நாம் தேர்வுக் கண்காணிப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அம்மாணவரின் ஆய்வேடு ஒரு பருவம் பிந்தியது. பிழை நம்முடையதே, மென்பொருளின்மேல் பழி சுமத்த இயலாது. எனினும் ஆறு வாரமாக இருந்த ஒன்றை ஒரு நாளாகச் சுருக்கி எழுதியது எவ்வாறு நிகழ்ந்தது என்னும் வினா நம்மை விட்டு நீங்கவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இது.

நெகிழ்வான காலத்தைக் கணினியில் எழுதுவதற்கு இதுவரை எடுக்கப்பட்ட முயற்சிகளை, குறிப்பாக வெற்றுரைக் கோப்புகளில் அமைந்த திட்டக்குறிப்பேடுகளின் வழியாக, இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. எழுத்துரு அலங்காரமோ பக்க அமைப்போ இல்லாமல், எழுத்துகளை மட்டும் வரிசையாகக் கொண்ட கோப்பினையே இங்கு 'வெற்றுரை' என்கிறோம்.

காலப்பரப்பைக் கணக்கிட்டோர்

வேலைகளுக்குரிய காலத்தை நீளமாக வரைந்து காட்டும் முயற்சி கணினிக்கு முற்பட்டது. போலந்து நாட்டுப் பொறியியலாளர் கரோல் அடாமியெட்ஸ்கி 1896ஆம் ஆண்டில் அத்தகைய வரைபடமொன்றை உருவாக்கினார். 1910களில் அமெரிக்கரான ஹென்றி கான்ட் அமைத்த பட்டைப் படம் உலகெங்கும் பரவி அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. இவ்வரைபடங்களில் ஒவ்வொரு வேலையும் தொடக்கமும் முடிவும் உடைய ஒரு பட்டையாகக் காட்டப்பட்டது. ஆயினும் அப்பட்டை, வேலை நடைபெறும் நேரத்தைக் காட்டிற்றே தவிர, வேலையைத் தள்ளி வைப்பதற்கு இருக்கும் இடத்தை வெளிப்படையாகக் காட்டவில்லை.

அந்த இடத்தை எண்ணால் அளந்து காட்டியது 1957ஆம் ஆண்டில் உருவான தீர்வுப்பாதை முறையாகும். டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் இணைந்து இதனை வகுத்தனர். இம்முறையில் ஒரு வேலையை மிக முந்தித் தொடங்கக்கூடிய நாள், மிகப் பிந்தித் தொடங்கக்கூடிய நாள் என இரண்டு நாள்கள் கணக்கிடப்படும். இவ்விரண்டின் வேறுபாடே அவ்வேலையின் 'தளர்வு' எனப்பட்டது. தளர்வு சுழியாக உள்ள வேலைகள் வரிசையாக நின்று திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும். ஏனையவற்றைச் சற்று முன்பின்னாகச் செய்யலாம்.

அடுத்த ஆண்டே, அதாவது 1958இல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 'பெர்ட்' என்னும் முறையை உருவாக்கியது. இது காலத்தின் நெகிழ்வை மற்றொரு கோணத்தில் அணுகியது. ஒவ்வொரு வேலைக்கும் மிகக் குறைந்த காலம், பெரும்பாலும் எடுக்கக்கூடிய காலம், மிகக் கூடிய காலம் என மூன்று மதிப்பீடுகள் கேட்கப்பட்டன. நடு மதிப்பீட்டை நான்கால் பெருக்கி, ஏனைய இரண்டையும் அதனுடன் கூட்டி, ஆறால் வகுத்து எதிர்பார்க்கும் காலம் பெறப்பட்டது.

இவ்விரு முறைகளும் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. நெகிழ்காலத்தைக் குறிக்க ஒரு தேதி போதாது. குறைந்தது இரண்டு எண்களேனும் வேண்டும். இவ்வுண்மை 1950களின் இறுதியிலேயே பெருந்திட்டப் பொறியாளர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனால் தனிமனிதரின் நாட்குறிப்பை அது வந்தடையப் பல்லாண்டுகள் ஆயின.

யூனிக்ஸ் தந்த சிறு கருவிகள்

வெற்றுரையை எல்லாவற்றிற்கும் பொதுவான ஊடகமாகக் கொண்டது யூனிக்ஸ் இயங்குதளம். 1979ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் காலத்தோடு தொடர்புடைய மூன்று கருவிகள் இடம்பெற்றிருந்தன.

முதலாவது 'கிரான்'. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள் என ஐந்து இடங்களையும் செய்ய வேண்டிய கட்டளையையும் ஒரே வரியில் எழுதி வைத்தால் உரிய கணத்தில் கணினி அதனைச் செய்துமுடிக்கும். இரண்டாவது 'அட்'. குறித்த ஒரு நேரத்தில் ஒருமுறை மட்டும் செய்ய வேண்டியதை இது ஏற்றுக்கொள்ளும். இவ்விரண்டும் பொறிக்கு இடும் ஆணைகள். பொறிக்கு நெகிழ்வு தேவையில்லை என்று கருதப்பட்டது போலும். ஆகவே இவை கணத்தை மட்டுமே அறிந்திருந்தன.

மூன்றாவது கருவியான 'கேலண்டர்' மனிதர்க்கு உரியது. பயனர் ஒரு கோப்பில் வரிக்கு வரி தம் குறிப்புகளை எழுதி வைப்பார். வரியின் எந்த இடத்திலேனும் இன்றைய தேதியோ நாளைய தேதியோ காணப்பட்டால் அவ்வரியைக் கருவி எடுத்துக் காட்டும். வார இறுதியில் 'நாளை' என்பது திங்கட்கிழமை வரை நீளும் என அதன் விளக்கக் குறிப்பு கூறுகிறது. அலுவலகம் மூடிய நாள்களைக் கடந்து அடுத்த வேலைநாள் வரையில் பார்வையை நீட்டித் தரும் இவ்வேற்பாடு, மனிதரின் நாள் எண்ணிக்கையும் பொறியின் நாள் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதை ஏற்றுக்கொண்ட ஒரு தொடக்கநிலைச் சான்று எனலாம்.

பின்னாளில் கிரானின் குறையை நிரப்ப 'அனாக்ரான்' என்னும் கருவி தோன்றியது. கிரான், குறித்த கணத்தில் கணினி அணைந்திருந்தால் அவ்வேலையை விட்டுவிடும். அனாக்ரானோ, 'இத்தனை நாளுக்கு ஒருமுறை' என்று மட்டும் எழுதப் பெற்று, கணினி மீண்டும் இயங்கும்போது விடுபட்டதைச் செய்துவிடும். எப்பொழுதும் விழித்திருக்கும் பொறிக்குக் கணம் போதும். அவ்வப்போது அணைந்துவிடும் பொறிக்குக் காலப்பரப்பு வேண்டும். மனிதர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஈமாக்ஸ் நாட்குறிப்பும் ரிமைண்டும்

ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி 1976ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் தோன்றியது. அதன் குனூ பதிப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். 1980களின் இறுதியில் கணினியியல் பேராசிரியர் எட்வர்ட் ரெய்ங்கோல்ட் இதற்கென ஒரு நாட்காட்டியையும் நாட்குறிப்பையும் எழுதினார். நாட்காட்டிகளின் கணிப்பில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த அவர், நாகும் டெர்ஷோவிட்ஸ் என்பாருடன் இணைந்து 1997இல் வெளியிட்ட நாட்காட்டிக் கணிப்பு நூலில் இந்திய நாட்காட்டிகளும் இடம்பெற்றுள்ளன என்பது நம் துறையினர்க்குக் குறிப்பிடத்தக்கது.

ஈமாக்ஸ் நாட்குறிப்பு முழுமையும் ஒரு வெற்றுரைக் கோப்பே. அதில் தேதி மட்டுமன்றி, தேதியைப் பெறும் விதியையும் எழுதலாம். 'இத்தேதி முதல் இத்தேதி வரை' என ஒரு தொகுதியாகக் குறிக்கலாம். 'நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன்' என மிதக்கும் நாளாகக் குறிக்கலாம். அவ்வரி ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் தானே வந்து நிற்கும். தைத்திங்களில் பூச நாளைத் தேடும் தமிழர்க்கு இம்முறை புதியதன்று; நாள் என்பது விதியினால் பெறப்படுவது என்னும் கருத்து பஞ்சாங்கத்திற்கு அடிப்படையானது.

கனடாவைச் சேர்ந்த டயான் ஸ்கால் உருவாக்கிய 'ரிமைண்ட்' இதே நெறியில் மேலும் ஓரடி முன்னேறியது. விடுமுறை நாள்களை முதலில் பட்டியலிட்டு, ஒரு வேலை அந்நாளில் விழுந்தால் அதனை முந்திய வேலைநாளுக்குத் தள்ளுவதா, பிந்திய வேலைநாளுக்குத் தள்ளுவதா, அம்முறை விட்டுவிடுவதா என்பதை ஒரு சொல்லால் குறிக்க அது இடந்தந்தது. எத்தனை நாளுக்கு முன்பிருந்து நினைவூட்ட வேண்டும் என்பதையும் அவ்வரியிலேயே எழுதலாம்.

இவ்விரு கருவிகளும் நாளை நெகிழச் செய்தன. ஆயினும் இவை ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: அவ்வேலை முடிந்ததா? நாள் கடந்ததும் வரி மறைந்துவிடும். விழாவுக்கு இது பொருந்தும், விடைத்தாளுக்குப் பொருந்தாது.

ஆர்க்: தொடக்கமும் கெடுவும்

இக்கேள்வியை மையமாகக் கொண்டு அமைந்தது 'ஆர்க்' என்னும் திட்டக்குறிப்பேடு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் இதனை 2003ஆம் ஆண்டில் ஈமாக்ஸின் ஒரு பகுதியாக எழுதத் தொடங்கினார். 2007இல் வெளிவந்த ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பில் இது உடன்சேர்க்கப்பட்டது. ஆய்வுக் குறிப்பும் செய்ய வேண்டிய வேலையும் ஒரே கோப்பில், தலைப்பு, உட்தலைப்பு என்னும் அடுக்கில் இருப்பது இதன் இயல்பு.

ஆர்க் கோப்பில் ஒரு வேலைக்கு மூவகைக் காலக்குறிகளை இடலாம். முதல் வகை வெறுந்தேதி. அது கூட்டத்திற்கும் விழாவிற்கும் உரியது. இரண்டாம் வகை தொடக்கக் குறி. வேலையை எந்த நாளிலிருந்து கையில் எடுக்கக் கருதுகிறோம் என்பதை அது சொல்லும். மூன்றாம் வகை கெடு. எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பதை அது சொல்லும்.

இம்மூன்றின் வேறுபாடு சொல்லளவில் சிறிது; பயனளவில் பெரிது. வெறுந்தேதி இட்ட வரி அந்நாள் கழிந்ததும் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீங்கிவிடும். தொடக்கக் குறி இட்ட வேலையோ, அந்நாள் முதல் 'முடிந்தது' எனக் குறிக்கும்வரை ஒவ்வொரு நாளும் நிரலில் நிற்கும். கெடு இட்ட வேலை, பிறிதாக மாற்றாதவரை, 14 நாள்களுக்கு முன்பிருந்தே தோன்றி இன்னும் எத்தனை நாள் உள்ளது எனக் காட்டும்; கெடு கடந்தபின் எத்தனை நாள் கடந்தது எனக் காட்டும்.

முதன்முதலாக ஆர்க்கைக் கையாள்வோர் இங்கு ஓரிடத்தில் இடறுவதுண்டு. நெகிழ்காலத்தைக் குறிக்க வேண்டுமெனில் 'இந்நாள் முதல் இந்நாள் வரை' என்னும் தேதி வீச்சைப் பயன்படுத்துவதே இயல்பு எனத் தோன்றும். அத்தகைய வீச்சை எழுதவும் ஆர்க் இடந்தருகிறது. நான்கு நாள் வீச்சாயின் 'நான்கில் ஒன்று', 'நான்கில் இரண்டு' என எண்ணிக்கையுடன் ஒவ்வொரு நாளும் அது நிரலில் வரும். ஆனால் நான்காம் நாள் கழிந்ததும், வேலை முடியாதிருப்பினும், அது நிரலிலிருந்து நீங்கிவிடும். ஏனெனில் வீச்சு என்பது மாநாடு போன்ற நீடித்த நிகழ்ச்சிக்கென வகுக்கப்பட்டது. நான்கு நாளும் நடைபெறுவது வேறு. நான்கு நாளுள் ஏதேனும் ஒருநாள் செய்யத்தக்கது வேறு. தமிழில் 'நான்கு நாள் விழா' என்பதற்கும் 'நான்கு நாளில் முடிக்க வேண்டிய வேலை' என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே நெகிழ்கால வேலையை ஆர்க்கில் எழுதும் முறை, ஒரே வேலைக்குத் தொடக்கக் குறி ஒன்றும் கெடு ஒன்றும் சேர்த்து இடுவதாகும். தொடக்கக் குறி பட்டத்தின் முன்னெல்லை. கெடு அதன் பின்னெல்லை. 1957இல் தீர்வுப்பாதை முறை கேட்ட இரண்டு எண்கள் இங்கு இரண்டு தேதிகளாக வடிவம் மாறி வந்துள்ளன என்றே கருதலாம். வேறுபாடும் உண்டு. அம்முறை, கூடாரம் போல் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வேலைகளின் பிணைப்பிலிருந்து எல்லைகளைக் கணக்கிட்டுத் தந்தது. தனிமனிதக் குறிப்பேட்டில் அவ்வெல்லைகளைப் பயனரே தம் மதியால் இட வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளிலும் ஆர்க் மூன்று வழிகளைப் பிரித்தது. கட்டணம் செலுத்துதல் போன்றது பழைய தேதியிலிருந்தே அடுத்த தேதியைக் கணக்கிடும்; இரண்டு மாதம் தவறினால் இரண்டையும் செலுத்த வேண்டும். வாராந்தர வேலை போன்றது, தவறியவற்றைக் கடந்து அடுத்து வரும் அதே கிழமையில் நிற்கும். நீர் வடிகட்டி மாற்றுதல் போன்றது, இறுதியாகச் செய்த நாளிலிருந்து எண்ணப்படும். இதன் தொடர்ச்சியாக 2009ஆம் ஆண்டில் ஜான் வீக்லி எழுதிச் சேர்த்த 'பழக்கம்' என்னும் பகுதி, திரும்ப வரும் வேலைக்கே ஒரு பட்டத்தை வகுத்தது. 'குறைந்தது இரண்டு நாள் இடைவெளி, கூடியது நான்கு நாள் இடைவெளி' என அதில் எழுத இயலும். செய்யத் தேவையில்லாத நாள் நீலமாகவும், செய்யத்தக்க நாள் பச்சையாகவும், எல்லையை எட்டும் நாள் மஞ்சளாகவும், எல்லை கடந்த நாள் சிவப்பாகவும் ஒரு வரிசையில் தோன்றும். நெகிழ்காலம் ஒரு வரியில் எழுதப்பட்டு ஒரு படமாகவும் காட்டப்பட்டது இங்குதான்.

பிற முயற்சிகள்

இதே காலப்பகுதியில் வேறு முயற்சிகளும் எழுந்தன. 2006ஆம் ஆண்டில் ஜினா டிரபானி வகுத்த 'டூடூ.டிஎக்ஸ்டி' முறையில் ஒரு வரி ஒரு வேலை. முன்னுரிமை, திட்டப் பெயர், சூழல் ஆகியவற்றைச் சில குறிகளால் அவ்வரியிலேயே இடலாம். கெடுநாளும் 'இந்நாளுக்கு முன் காட்டாதே' என்னும் வாசல்நாளும் அதன் அடிப்படை இலக்கணத்தில் இல்லை. பயனரும் செயலி உருவாக்குநரும் அவற்றைப் பின்னர் கூட்டிக்கொண்டனர். வடிவம் வெற்றுரையாக இருந்தமையின் எவரிடமும் ஒப்புதல் கேளாமல் அவ்வாறு கூட்ட முடிந்தது.

டாஸ்க்வாரியர் என்னும் கருவி, மறைந்திருக்கும் நாள், தொடங்கும் நாள், கெடுநாள், காலாவதி நாள் என ஒரே வேலைக்கு நான்கு தேதிகளை ஏற்றது. நுட்பத்தில் இது ஏனையவற்றை விஞ்சியது. ஆயினும் 2024இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு, அதுவரை வெற்றுரைக் கோப்பில் இருந்த தரவினைத் தரவுத்தளத்திற்கு மாற்றியது. நுட்பம் மிகுந்தது, ஆனால் எந்த உரைத்தொகுப்பியாலும் திறந்து படிக்கலாம் என்னும் நிலை நீங்கியது.

நாட்காட்டி மென்பொருள்கள் தம்முள் தரவு பரிமாறிக்கொள்ள 1998ஆம் ஆண்டில் 'ஐகேலண்டர்' தரம் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தியமைக்கப்பட்டது. இதில் நிகழ்ச்சி என்பதும் செய்பணி என்பதும் வெவ்வேறு கூறுகள். செய்பணிக்குத் தொடக்கமும் கெடுவும் ஆகிய இரண்டும் இடத் தரம் வழிவகை செய்துள்ளது. எனவே நம் அத்தியாயத்தை ஆறு வாரப் பட்டமாக எழுதுவதற்குத் தரத்தில் தடையேதுமில்லை. நாம் பயன்படுத்திய மென்பொருளின் முகப்பு நிகழ்ச்சியை முன்னிறுத்தியது. நாமும் வேலையை நிகழ்ச்சியாக எழுதினோம். இலக்கணம் இடந்தந்ததை வழக்கு மறைத்துவிட்டது எனலாம்.

ஐயத்திற்கும் ஓர் எழுத்துமுறை

நெகிழ்வு என்பது எதிர்காலத்திற்கு மட்டும் உரியதன்று. வரலாற்றாய்வாளர்க்குக் கடந்த காலமும் நெகிழ்ந்தே கிடக்கிறது. ஒரு கல்வெட்டின் காலம், ஓர் ஏட்டின் காலம், ஒரு புலவரின் காலம் ஆகியவற்றை நாம் 'ஏறத்தாழ', 'ஐயத்திற்குரியது', 'நூற்றாண்டின் முற்பகுதி' என்னும் சொற்களோடேயே எழுதுகிறோம். நூலக அட்டவணையிலோ தரவுத்தளத்திலோ அதனைப் பதிய முற்படும்போது கணினி மீண்டும் ஒற்றைத் தேதியைக் கேட்கும்.

1988இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம், ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை உலகப் பொதுவாக்கியது. அதனைப் பின்பற்றும் கோப்புகளில் அகரவரிசை போலவே கால வரிசையும் தானே அமையும். இரண்டு தேதிகளைச் சாய்கோட்டால் இணைத்துக் கால இடைவெளியை எழுதவும் அது வழிசெய்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முன்னின்று உருவாக்கிய விரிவுபடுத்திய தேதி முறை, 2019ஆம் ஆண்டில் அத்தரத்தின் இரண்டாம் பகுதியில் சேர்க்கப்பட்டது. இதன்படி ஐயத்திற்குரிய ஆண்டை 1984? எனவும், ஏறத்தாழ உள்ள ஆண்டை 1984~ எனவும், இரண்டும் பொருந்துவதை 1984% எனவும் எழுதலாம். அறியப்படாத இலக்கத்தின் இடத்தில் 'எக்ஸ்' என்னும் எழுத்தை இடலாம். மாதத்தின் இடத்தில் 21 என எழுதினால் அது இளவேனிலைக் குறிக்கும்.

ஓர் எழுத்தால் ஐயத்தைப் பதியும் இவ்வழக்கம் மலேசியர்க்குப் பழக்கமானதே. இந்நாட்டு விடுமுறைப் பட்டியலில் நோன்புப் பெருநாள் போன்றவற்றின் அருகில் உடுக்குறி இட்டு, மாற்றத்திற்கு உட்பட்டது எனக் குறிப்பதுண்டு. பிறை பார்த்த பின்னரே நாள் உறுதியாகும். அதுவரை அவ்வுடுக்குறி, தேதியின் நெகிழ்வை நேர்மையாக அறிவித்துக்கொண்டிருக்கும்.

தமிழ் வெற்றுரையின் நிலை

மேற்கூறிய கருவிகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே: இன்று எழுதியதை நாளை எந்தப் பொறியிலும் படிக்க இயலும் என்னும் உறுதி. ஆங்கில எழுத்துகளுக்கு 1963இல் வெளிவந்த ஆஸ்கி தரம் அவ்வுறுதியை அளித்தது. தமிழுக்கு அது எளிதில் வாய்க்கவில்லை.

1990களில் நாம் தமிழில் எழுதிய கோப்புகள் எழுத்துருவைச் சார்ந்திருந்தன. ஒரு எழுத்துருவில் 'க' எனத் தோன்றியது மற்றோர் எழுத்துருவில் வேறொன்றாகத் தோன்றும். எழுத்துரு தொலைந்தால் கோப்பும் பொருளிழக்கும். இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் இவ்வட்டாரத்தின் பங்கு பெரிது. 1997இல் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடும், 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாடும், 2000இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகளும் குறியாக்கச் சிக்கலை உலகத் தமிழர் முன் வைத்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பலருக்குத் தமிழ்க் கணிமையின் வாயிலாக அமைந்தது. யூனிகோடில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும், அன்றாடப் பயன்பாட்டில் அது வேரூன்ற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு 2010இல்தான் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

இதன் பயனாக இன்று ஓர் ஆசிரியர் தம் திட்டக்குறிப்பேட்டைத் தமிழிலேயே வெற்றுரையாக எழுதி வைக்க இயலும். அதே வேளையில், 1990களின் பாடக்குறிப்புகள் குறுவட்டுகளில் இன்றும் பலரிடம் உள்ளன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் ஒரு நெகிழ்கால வேலையே. அதற்கு முன்னெல்லை என்றோ கடந்துவிட்டது. பின்னெல்லை எது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. குறுவட்டைப் படிக்கும் கருவிகள் அருகிவரும் வேகமே அதனைத் தீர்மானிக்கும். கெடு இல்லாத வேலை எவருடைய நிரலிலும் தோன்றாது.

முடிவுரை

நெகிழ்காலத்தை எழுதுவதற்குத் தேவையான கருத்து 1957இலேயே உருவாகியிருந்தது. 1979இல் வெற்றுரைக் கருவிகள் கணத்தையும் நாளையும் எழுதக் கற்றன. 1980களின் இறுதியிலிருந்து நாளைப் பெறும் விதியை எழுதக் கற்றன. 2003க்குப் பின்னர் தொடக்கத்தையும் கெடுவையும் பிரித்து, வேலை முடியும்வரை அதனைக் கண்முன் நிறுத்தக் கற்றன. ஐயத்தையே எழுதும் முறை 2019இல் உலகத் தரமாயிற்று.

இவ்வளர்ச்சி பெரும்பாலும் வெற்றுரைக் கோப்புகளில் நிகழ்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. கட்டங்கள் நிரப்பும் மென்பொருளில் வடிவமைத்தவர் எண்ணிய கேள்விக்கு மட்டுமே விடையெழுத இயலும். வெற்றுரையில் பயனர் தமக்குத் தேவையானதை முதலில் எழுதிவிடுகிறார். அதனைப் படிக்கும் கருவி பின்னர் வருகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. கருவி வரும்வரை அவ்வரியைப் படிக்கும் பொறுப்பு எழுதியவருக்கே உரியது. 'அடுத்த மாத நடுவில்' என எழுதி வைத்துவிட்டு அக்கோப்பைத் திறவாதிருந்தால் எந்தக் கருவியும் உதவாது.

நம் ஆசிரியர்கள் இம்மென்பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என வற்புறுத்துவது நம் நோக்கமன்று. தாளில் எழுதினும் கணினியில் எழுதினும் ஒரு வேலைக்கு இரண்டு தேதிகளை எழுதும் பழக்கம் போதுமானது. 'எப்போது முடிக்க வேண்டும்' என்னும் கேள்விக்கு முன்னால் 'எப்போதிலிருந்து இது என் கண்ணில் பட வேண்டும்' என்னும் கேள்வி எழுதப்பட வேண்டும். நம் மாணவரின் அத்தியாயத்திற்கு இறுதி நாள் மட்டுமன்றி முதல் நாளும் எழுதப்பட்டிருந்தால், ஆறு வாரமும் அது நம் முன் நின்றிருக்கும். அவருக்கு ஒரு பருவம் மிஞ்சியிருக்கும். ஆடிப்பட்டத்தைத் தேடச் சொன்ன உழவர், ஆடி முடியும் நாளைக் குறித்து வைத்துக் காத்திருக்கச் சொல்லவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.